கூட்டலா, கழித்தலா? சின்னக் குழந்தைகளுக்கு வார்த்தைக் கணக்கு சொல்லிக்கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கூட்டல் வார்த்தைக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும், புதிதாகச் சின்ன வகுப்பு எடுக்க வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தேவைப்பட்ட இடத்தில் பதில் நீளமாக இருக்கும்.

என் மகள் 5 + 3 என்றால் சட்டென்று போட்டுவிடுகிறாள். அதையே வாக்கியமாகக் கொடுத்தால் முழிக்கிறாள். ஏன்?

5 + 3 என்று எழுதிக் கொடுக்கும்போது பாதி வேலையை நாமே முடித்துவிடுகிறோம். எந்த எண்கள், அவற்றை என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் தாளிலேயே இருக்கின்றன. வார்த்தைக் கணக்கில் இரண்டையும் குழந்தை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். யார் வருகிறார்கள், என்ன நடந்தது, எது தெரியும், எதைக் கேட்கிறார்கள் என்று மனதுக்குள் ஒரு காட்சி ஓடினால்தான் அது முடியும். காட்சி ஓடாத குழந்தை, வாக்கியத்தில் இருக்கும் இரண்டு எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, "கூட்டலா, கழித்தலா?" என்று நம் முகத்தைப் பார்க்கும்.

அந்தக் கேள்வி வந்தாலே, கதை இன்னும் உள்ளே போகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். "கூட்டல்" என்று நாம் சொல்லிவிட்டால் அன்றைய கணக்கு முடிந்துவிடும். நாளைக்கும் அதே கேள்வி வரும். "என்ன நடந்துச்சு, சொல்லு பார்ப்போம்" என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பவைதான்.

எந்த வயதில் தொடங்கலாம்? முதலில் கூட்டல் நன்றாக வரட்டும், வார்த்தைக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

அந்த வரிசையே தலைகீழ் என்பது என் உறுதியான எண்ணம். கூட்டல் குறி தெரியாத குழந்தைக்கும் கதை புரியும். பிரிட்டனைச் சேர்ந்த மார்ட்டின் ஹியூஸ் 1980-களில் பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைகளோடு ஒரு பெட்டியும் சில கட்டைகளும் வைத்து விளையாடிப் பார்த்தார். பெட்டிக்குள் கட்டைகளைப் போட்டு, பிறகு இன்னும் ஒன்றைப் போட்டு, "இப்போ உள்ளே எத்தனை?" என்று கேட்டபோது, எண்கள் சிறியவையாக இருந்தவரை பெரும்பாலான குழந்தைகள் சரியாகச் சொன்னார்கள். "இரண்டும் ஒன்றும் எத்தனை?" என்று வெறுமனே கேட்டபோது அதே குழந்தைகள் திணறினார்கள். கட்டையும் பெட்டியும் இருந்தால் கணக்கு வருகிறது. எண் மட்டும் தனியாக நின்றால் வரவில்லை.

அமெரிக்காவில் தாமஸ் கார்ப்பென்டரும் அவருடைய குழுவினரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. ஆண்டு முழுவதும் கதைக் கணக்குகளைப் போட்டுப் பழகிய மழலையர் வகுப்புக் குழந்தைகள் 70 பேருக்கு ஒன்பது கணக்குகள் கொடுத்தார்கள். அவற்றில் பெருக்கலும் வகுத்தலும்கூட இருந்தன. 32 பேர் ஒன்பது கணக்குகளுக்குமே சரியான வழியைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு யாரும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கதையில் நடப்பதை அப்படியே பொருள்களை வைத்து நடத்திக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

ஆகவே குழந்தை ஐந்து பொருளைச் சரியாக எண்ணத் தொடங்கியதுமே வாய்மொழியாகக் கதைக் கணக்கு சொல்லலாம். எழுத்து, குறி எதுவும் தேவையில்லை.

எண்ணத் தெரிகிறதா என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

இருபது வரை ஒப்பிக்கத் தெரிவது வேறு, எண்ணத் தெரிவது வேறு. ஏழு பொத்தான்களை முன்னால் பரப்பி எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் "அப்போ எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். குழந்தை "ஏழு" என்று சொன்னால் தயார். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கை என்பது இன்னும் பிடிபடவில்லை. அதற்கு முன் கூட்டல் கணக்கு கொடுத்தால் பயம்தான் வளரும். இன்னும் கொஞ்ச நாள் எண்ணி விளையாடட்டும்.

"மொத்தம்" என்று வந்தால் கூட்டு, "மீதி" என்று வந்தால் கழி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அது தப்பா?

ஆமாம். நல்ல எண்ணத்தோடு செய்வதுதான், பலன் கெட்டது. முதல் சில மாதங்களுக்கு அது வேலை செய்வது போலத் தெரியும். காரணம், அந்தச் சமயத்தில் வரும் கணக்குகள் எல்லாம் அதற்கேற்ற மாதிரியே எழுதப்பட்டவை. பிறகு இது மாதிரி ஒன்று வரும்: "ஒரு பெட்டியில் மொத்தம் 9 பென்சில்கள். அவற்றில் 4 சிவப்பு, மற்றவை நீலம். நீலப் பென்சில்கள் எத்தனை?" சொல்லைப் பிடித்துக்கொண்ட குழந்தை 13 என்று எழுதும். இன்னொன்று: "பெட்டியிலிருந்து 3 பென்சிலைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது 4 மீதி இருக்கிறது. முதலில் எத்தனை இருந்தது?" இதில் "கொடுத்துவிட்டேன்" இருக்கிறது, "மீதி" இருக்கிறது. விடையோ கூட்டினால்தான் வரும்.

சொல்லைத் தேடிப் பழகிய குழந்தை கதையைப் படிப்பதை நிறுத்திவிடுகிறது. கண் நேரே அந்த ஒரு சொல்லுக்கும் இரண்டு எண்களுக்கும் தாவுகிறது. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1980-ஐ ஒட்டி நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனின் வயது என்ன?" என்று இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் கொடுத்திருந்த எண்களை எப்படியோ சேர்த்து ஒரு வயதைச் சொன்னார்கள். அவர்கள் யாரும் மந்தமான குழந்தைகள் அல்ல. கணக்கு என்றால் எண்களை எடுத்து ஏதாவது செய்ய வேண்டும், கதைக்கு அர்த்தம் இருக்க வேண்டியதில்லை என்று அவர்களுக்கு நாம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

"மொத்தம்", "மீதி", "இன்னும்" போன்ற சொற்களின் பொருள் குழந்தைக்குத் தெரிய வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. அந்தச் சொற்களைப் பார்த்துக் கூட்டலா கழித்தலா என்று முடிவெடுக்கப் பழக்கக் கூடாது.

அப்படியானால் எப்படித்தான் தொடங்குவது?

ஒரு சின்னக் கதையை வாயால் சொல்லுங்கள். "மரத்துல 5 குருவி உட்கார்ந்திருந்துச்சு. இன்னும் 3 குருவி பறந்து வந்துச்சு. இப்போ மரத்துல எத்தனை குருவி?" சொன்னதும் விடை கேட்காதீர்கள். "கதையை நீ ஒரு தடவை சொல்லு" என்று கேளுங்கள். குழந்தை தன் வார்த்தையில் திரும்பச் சொல்லும்போதுதான் என்ன பிடிபட்டது, என்ன நழுவியது என்று நமக்குத் தெரியும். பல குழந்தைகள் கேள்வியை விட்டுவிடுவார்கள்; அல்லது "5 குருவி, 3 குருவி" என்று மட்டும் சொல்வார்கள், பறந்து வந்த செய்தி காணாமல் போயிருக்கும். அப்போது கதையை இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக.

அடுத்தது நடத்திக் காட்டுவது. பொத்தான், கூழாங்கல், தீக்குச்சி எது வேண்டுமானாலும் குருவியாகலாம். ஐந்தை வைக்கட்டும், மூன்றைக் கொண்டுவந்து சேர்க்கட்டும், எண்ணட்டும். பொருளைக் குழந்தையே நகர்த்த வேண்டும். நாம் நகர்த்திக் காட்டினால் அது நம்முடைய கணக்காகிவிடும்.

பொருளோடு பழகிய பிறகு படம், படத்தோடு பழகிய பிறகு எண்ணும் குறியும். செயல், படம், குறியீடு என்ற இந்த வரிசையை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் எழுதினார். சிங்கப்பூர் தன் தொடக்கக் கணிதப் பாடத்தை இதை வைத்தே கட்டியது. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனபின் திரும்பி வரவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. புதுவகைக் கணக்கு வரும்போதெல்லாம் மறுபடி பொத்தானுக்கு வாருங்கள்.

விடை வந்ததும் "8" என்பதோடு விடாமல், "மரத்துல 8 குருவி இருக்கு" என்று முழுதாகச் சொல்ல வையுங்கள். விடையை மறுபடி கதைக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்க்கும் பழக்கம் அதில்தான் வருகிறது. கப்பல் தலைவனின் வயதைச் சொன்ன குழந்தைகளுக்கு இல்லாமல் போனது அந்தப் பழக்கம்தான்.

கூட்டல் வார்த்தைக் கணக்கில் வகைகள் உண்டா? எல்லாம் ஒன்றுதானே?

நமக்கு எல்லாம் 5 + 3. குழந்தைக்கு வேறு வேறு கதைகள். குருவிக் கணக்கில் ஒன்று நடக்கிறது: இருந்ததோடு வந்தது சேர்கிறது. இதுதான் மிக எளிது, ஏனென்றால் கதையின் வரிசையிலேயே கையும் நகரும். "கூடையில் 4 சிவப்புப் பந்து, 3 பச்சைப் பந்து. கூடையில் எத்தனை பந்து?" என்பதில் எதுவும் நடக்கவில்லை. இரண்டு வகை சும்மா சேர்ந்தே இருக்கிறது. சிவப்பும் பந்துதான், பச்சையும் பந்துதான் என்று இரண்டையும் ஒரே பெயருக்குள் கொண்டுவந்தால்தான் எண்ண முடியும். மூன்றாவது, ஒப்பிடும் கணக்கு: "அக்காவிடம் 6 மணி. தம்பியிடம் அக்காவைவிட 2 மணி அதிகம்." இதற்குக் கீழே தனியாகப் பதில் சொல்கிறேன், அது தனிச் சிக்கல்.

வகையைப் போலவே முக்கியமானது, எது தெரியாமல் இருக்கிறது என்பது. அதே குருவிகளை வைத்து மூன்று கேள்வி கேட்கலாம். கடைசியில் எத்தனை என்று கேட்டால் எளிது. "5 குருவி இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் வந்துச்சு, இப்போ 8. எத்தனை வந்துச்சு?" என்றால் கொஞ்சம் கடினம். "கொஞ்சம் குருவி இருந்துச்சு, 3 வந்துச்சு, இப்போ 8. முதல்ல எத்தனை இருந்துச்சு?" என்பதுதான் மூன்றிலும் கடினம், ஏனென்றால் தொடக்கத்தில் எத்தனை பொத்தானை வைப்பது என்றே குழந்தைக்குத் தெரியாது. பல குழந்தைகள் ஏதோ ஒரு எண்ணிக்கையை வைத்துப் பார்த்து, சரிவராவிட்டால் மாற்றிப் பார்ப்பார்கள். தடுக்காதீர்கள், அது நல்ல வழிதான்.

பயிற்சித் தாள்களில் பெரும்பாலும் முதல் வகையே பக்கம் பக்கமாக வரும். அப்படிப்பட்ட பக்கத்தில் குழந்தை கதையைப் படிக்கவே தேவையில்லை; இரண்டு எண்ணையும் கூட்டினால் பத்துக்குப் பத்து. ஒரே வகையில் பத்து கணக்கைவிட வகைக்கு ஒன்றாக மூன்று கணக்கு மேல். கூட்டலும் கழித்தலும் கலந்து வந்தால் இன்னும் நல்லது.

விரல் விட்டு எண்ணுகிறான். நிறுத்த வைக்கலாமா?

வேண்டாம். விரல் என்பது எப்போதும் கூடவே இருக்கும் பத்துப் பொத்தான். நாம் கவனிக்க வேண்டியது விரலை எப்படிப் பயன்படுத்துகிறான் என்பதைத்தான். 5 + 3-க்கு முதலில் ஒரு கையில் ஐந்து, மறு கையில் மூன்று நீட்டி, ஒன்றிலிருந்து எட்டு வரை எல்லாவற்றையும் எண்ணுவான். சில மாதங்களில், "மனசுல 5, கையில 3" என்று வைத்துக்கொண்டு, 6, 7, 8 என்று மேலே எண்ணுவான். பிறகு 2 + 7 வந்தால், சொன்ன வரிசையில் போகாமல் பெரிய எண்ணான 7-ஐ மனதில் வைத்து 8, 9 என்று எண்ணுவான். முதல் வகுப்புக் குழந்தைகள் கூட்ட எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்த குரோயனும் பார்க்மனும் 1972-ல் காட்டியது இதைத்தான்: இரண்டு எண்களில் சிறியது எவ்வளவு பெரியதோ அவ்வளவு நேரம் ஆகிறது. அதாவது குழந்தை பெரிய எண்ணிலிருந்து தொடங்கிச் சிறியதை மட்டும் எண்ணுகிறது.

இந்தப் படிகளைக் குழந்தைகள் பெரும்பாலும் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். மேலே எண்ணும் படிக்கு வராமல் நெடுநாள் ஒன்றிலிருந்தே எண்ணினால் சின்ன உதவி செய்யலாம்: ஐந்து பொத்தானை எண்ணி ஒரு கிண்ணத்தில் போட்டு மூடிவிடுங்கள், மூன்றை வெளியே வையுங்கள். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாததால் ஐந்து என்று நம்பித் தொடர வேண்டியிருக்கும். மேலே எண்ணும்போது "5, 6, 7" என்று தொடக்க எண்ணையும் சேர்த்து எண்ணி 7 என்று விடை சொல்வது மிகச் சாதாரணம். கிண்ணத்தைத் தொட்டு "ஐந்து", பிறகு வெளியே இருப்பதைத் தொட்டு "ஆறு" என்று செய்தால் தானே சரியாகும்.

விரல் ஒருநாள் தானாகப் போகும். மேசைக்கு அடியில் ஒளித்து எண்ண வைத்துவிட்டால், அவன் என்ன செய்கிறான் என்பது நமக்குத் தெரியாமல் போகும். நஷ்டம் நமக்கு.

"அதைவிட எத்தனை அதிகம்" கணக்கில் மட்டும் எப்போதும் தப்பு. என்ன செய்யலாம்?

"தம்பியிடம் அக்காவைவிட 2 அதிகம்" என்ற வாக்கியத்தைக் கேட்ட பல குழந்தைகள் "தம்பியிடம் 2" என்று புரிந்துகொள்கிறார்கள். ஓர் அளவாக இல்லாமல், இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியாக ஒரு எண் வருவது அவர்களுக்குப் புதிது.

டி. ஹட்சன் 1983-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டும். சில பறவைகளும் அவற்றைவிடக் குறைவான புழுக்களும் உள்ள படத்தைக் காட்டி, "புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?" என்று கேட்டபோது முதல் வகுப்புக் குழந்தைகளில் 64 சதவீதத்தினர்தான் சரியாகச் சொன்னார்கள். "எல்லாப் பறவையும் ஆளுக்கொரு புழுவைப் பிடிக்க ஓடுது. எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?" என்று அதே படத்தை வைத்து மாற்றிக் கேட்டபோது 100 சதவீதம். மழலையர் வகுப்பில் வித்தியாசம் இன்னும் பெரிது: 25 சதவீதம், 96 சதவீதம். கணக்கு மாறவில்லை, படம் மாறவில்லை; கேட்ட விதம்தான் மாறியது.

ஆகவே ஒப்பிடும் கணக்கை ஜோடி சேர்த்தே தொடங்குங்கள். அக்காவின் 6 மணிகளை ஒரு வரிசையில் வையுங்கள். "தம்பிக்கும் முதல்ல அதே அளவு வை" என்று சொல்லி, கீழே நேர் நேராக 6 வைக்கச் சொல்லுங்கள். "இப்போ சமம். ஆனா தம்பிகிட்ட 2 அதிகமாமே?" என்றால் குழந்தையே இன்னும் இரண்டை எடுத்து வைக்கும். "அதே அளவு, அதுக்கு மேல இன்னும் 2" என்று பல முறை சொல்லிப் பழகிய பிறகு "2 அதிகம்" என்ற சொல் தானாகப் பொருள்படும்.

படம் வரையச் சொன்னால் குருவிக்கு இறகு, கண், மரத்துக்கு இலை என்று வரைந்துகொண்டே இருக்கிறாள். கணக்கு நகர மாட்டேன் என்கிறது.

ஒருநாள் வரையட்டும், அவளுக்கு அந்தக் கதை பிடித்திருக்கிறது. மறுநாள், "இன்னிக்கு வட்டம்தான் குருவி. சீக்கிரமா வரைஞ்சு காட்டு" என்று சொல்லுங்கள். ஒரு வட்டம் ஒரு குருவியைக் குறிக்கலாம் என்பதே குறியீட்டை நோக்கிய பெரிய நகர்வு. எண்கள் பத்தைத் தாண்டியபின் வட்டங்களுக்குப் பதில் நீளக் கட்டம்: ஒரு கட்டத்தில் 12, ஒட்டினாற்போல் இன்னொன்றில் 5, இரண்டுக்கும் மேலே ஒரு வளைவு போட்டு கேள்விக்குறி. ஒப்பிடும் கணக்குக்கு இரண்டு கட்டங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தால் போதும்.

பாடநூல் வாக்கியங்களே குழந்தைக்குப் புரிவதில்லை. எளிதாக்கலாமா?

தாராளமாக. தமிழில் எச்சங்களைக் கோத்துக்கோத்து ஒரே வாக்கியத்தில் நான்கு செய்திகளை வைத்துவிட முடியும். "தன்னிடம் இருந்த 7 வண்ணத்தாள்களோடு தோழி கொடுத்த 4 வண்ணத்தாள்களையும் சேர்த்து வைத்துக்கொண்ட மீனாவிடம் உள்ள வண்ணத்தாள்கள் எத்தனை?" பெரியவர்களே ஒரு நொடி நின்று படிக்க வேண்டிய வாக்கியம் இது. யாரைப் பற்றிய கதை என்பதே கடைசியில்தான் தெரிகிறது. உடைத்துப் போடுங்கள்: "மீனாவிடம் 7 வண்ணத்தாள்கள் இருந்தன. தோழி 4 கொடுத்தாள். மீனாவிடம் இப்போது எத்தனை?" ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி, நடந்த வரிசையில்.

முதலில் பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு எழுத்தைக் காட்டுங்கள். கதை முன்பே தெரிந்திருந்தால் எழுத்துநடை மிரட்டாது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ள குழந்தைக்கு நீங்களே படித்துக் காட்டுவதில் தவறில்லை. எழுத்தோடு போராடி முடிப்பதற்குள் கதை மறந்துவிடும். இரண்டாம் வகுப்பு வாக்கில் மெல்ல மெல்ல நீள வாக்கியங்களையும் கொடுத்து, குழந்தையையே உடைக்கச் சொல்லலாம்.

எவ்வளவு பெரிய எண்கள் கொடுக்கலாம்?

புதுவகைக் கதைக்குச் சின்ன எண், பழகிய கதைக்குப் பெரிய எண். இரண்டையும் ஒரே நாளில் கடினமாக்க வேண்டாம்.

தப்பாகச் சொன்னால் உடனே திருத்தலாமா?

"தப்பு" என்று சொல்வதற்கு முன் "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் இதே கேள்வியைக் கேட்பது முக்கியம். தப்பானபோது மட்டும் கேட்டால், "எப்படி" என்ற சொல் காதில் விழுந்ததுமே குழந்தை விடையை அழித்துவிடும்.

அந்தப் பதிலில்தான் எங்கே சறுக்கியது என்று தெரியும். 5 + 3-க்கு 7 என்றால் பெரும்பாலும் எண்ணும்போது நேர்ந்த பிழை, கதை புரிந்திருக்கிறது. 2 என்றால் கழித்திருக்கிறது. கதையைத் திரும்பச் சொல்ல வைத்தால் போதும். 5 என்றோ 3 என்றோ சொன்னால் கேள்வியே காதில் விழவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு. "குருவி வந்த பிறகு கூடுமா, குறையுமா?" என்று விடைக்கு முன்பே கேட்கும் வழக்கம் இருந்தால் இரண்டாவது பிழை வெகுவாகக் குறையும்.

"தெரியல, மனசுல வந்துச்சு" என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம். "உன் தம்பிக்குப் புரியலையாம், பொத்தான் வச்சு அவனுக்குக் காட்டு" என்று கேட்டால் பெரும்பாலும் காட்டிவிடும்.

5 + 3 = 8 என்று எழுதுவதை எப்போது கொண்டுவருவது?

கதையைப் பொருளாலும் படத்தாலும் தயங்காமல் காட்டத் தொடங்கிய பிறகு. "நீ செஞ்சதைச் சுருக்கமா எழுத ஒரு வழி இருக்கு" என்று அறிமுகப்படுத்துங்கள். எழுதியபின் ஒவ்வொரு எண்ணையும் தொட்டு, "இந்த 5 எது? இந்த 3 எது?" என்று கேளுங்கள். "முதல்ல இருந்த குருவி, வந்த குருவி" என்று பதில் வர வேண்டும்.

சமக்குறியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "விடை வரும்" என்று அதற்குப் பொருள் சொல்லாதீர்கள். "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவு" என்றே சொல்லுங்கள். 8 + 4 = __ + 5 என்ற கணக்கை அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் கொடுத்தபோது ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை; 12 அல்லது 17 என்றே எழுதினார்கள் என்று 1999-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. முதல் வகுப்பில் விதைத்தது ஆறாம் வகுப்பு வரை நிற்கிறது. அதனால் 8 = 5 + 3 என்றும் அவ்வப்போது எழுதிக் காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை கணக்கு?

இரண்டு போதும், பேசிப் போட்டால். பள்ளிக்குப் போகும் வழியிலோ தூங்கப்போகும் முன்போ சொல்லும் கணக்கும் கணக்குதான்.

குழந்தையே கணக்கு உருவாக்கலாமா?

கட்டாயம். 4 + 2 என்று எழுதிக் கொடுத்து, "இதுக்கு ஒரு கதை சொல்லு" என்று கேளுங்கள். முதலில் வருவது "4 பூனை, 2 நாய், எத்தனை?" என்ற மாதிரி இருக்கும். "எத்தனை என்ன?" என்று கேட்டால் யோசித்து "எத்தனை விலங்கு" என்று வரும். சிலர் "4 பூனை இருந்துச்சு, 2 பூனை ஓடிப்போச்சு" என்பார்கள். அது 4 + 2-க்குப் பொருந்துமா என்று பொத்தானை வைத்து அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். கூட்டல் என்றால் என்னவென்று ஒரு குழந்தைக்குத் தெரியுமா என்பதை அறிய இதைவிட நல்ல சோதனையை நான் பார்த்ததில்லை.

குழந்தை சொல்லும் கணக்கை நீங்கள் போடுங்கள், சில சமயம் வேண்டுமென்றே தப்பாகவும் போடுங்கள். "இல்ல, பாதிப் பூனையை விட்டுட்டீங்க" என்று திருத்தும்போது அது சொல்லும் காரணத்தைக் கவனமாகக் கேளுங்கள். எந்த வகைக் கதையை மறுநாள் சொல்ல வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.